குடவோலையில் ஆறாம் வகுப்பு

"உங்க பொண்ணுக்கு லெட்டர் வந்துச்சா?"

2023 பொங்கல் விருந்தில் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போகும்வரை இதே பேச்சு. அமெரிக்காவில், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளில் குளிர்காலம் இப்படித்தான் கழியும்.

அந்த லெட்டர், ஆறாம் வகுப்பு 'மேக்னெட்' சேர்க்கைக்கானது. மேக்னெட் என்பது தனியார் பள்ளி அல்ல, கட்டணமும் கிடையாது. அரசுப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்பு வகுப்பு. கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டருக்கு டகோமா பார்க் பள்ளி. எழுத்துக்கும் ஊடகத்துக்கும் ஈஸ்டர்ன் பள்ளி. இடமோ கொஞ்சம்.

முன்பு சேர்க்கைக்கென்றே தனித் தேர்வு வைத்தார்கள். கொரோனாவில் அது நின்று, குலுக்கல் வந்தது. நம் உத்திரமேரூர்க் குடவோலைதான்: முதலில் தகுதி, பிறகு குடம். அப்போது தகுதிக்கு வகுப்பு கிரேடும், பள்ளியில் வழக்கமாக எழுதும் 'மேப்' தேர்வின் மதிப்பெண்ணும் பார்த்தார்கள். அந்த மதிப்பெண்ணை, வறுமை அளவில் பிள்ளையின் பள்ளியை ஒத்த பள்ளிகளோடு மட்டுமே ஒப்பிட்டார்கள். ஆக, ஒரு பள்ளியில் தேறிய மதிப்பெண் இன்னொன்றில் தேறாமல் போகலாம்.

சண்டை மூண்டது இங்கேதான். "நல்லா படிச்சும் சீட்டு இல்லைன்னா என்ன நியாயம்?" என்றார் தோழியின் கணவர். சேர்க்கை முறை ஆசியப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று பெற்றோர் அமைப்பு ஒன்று 2020-லேயே நீதிமன்றம் போயிருந்தது.

"டியூஷனே இல்லாம தகுதி மார்க் எடுத்த பிள்ளையும் நல்லா படிச்சதுதானே அண்ணா?" என்றேன். பதில் வரவில்லை, வடை வந்தது.

என் மகளின் பெயரும் குடத்தில் இருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, அந்த ஸ்கூலுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"