ஊசிக்குத் தயங்குவது யார்?

"காலனிக்காரங்களுக்கு விழிப்புணர்வு போதாது, ஊசின்னாலே பயந்து ஓடுவாங்க." தடுப்பூசி முகாமில் கூட்டம் குறையும்போதெல்லாம் நம் காதில் விழும் பேச்சு இது. கொரோனா காலத்திலும் கேட்டோம். தட்டம்மை - ரூபெல்லா முகாமின்போதும் கேட்டோம். இந்தப் பழி சரிதானா என்று பார்ப்போம்.

பெரியம்மைத் தடுப்பு மருந்து 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. மருந்தைக் கெடாமல் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஊசி குத்திய குழந்தையின் கைக்கொப்புளத்தில் ஊறும் நீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றுவார்கள். அப்படிக் கொப்புள நீர் தந்தவர்களில் ஏழை, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் பலர். 'அந்த நீர் எங்கள் பிள்ளைகள் உடம்பில் ஏறுவதா?' என்று மறுத்தவர்கள் மேல்சாதியினர். ஆக, தயக்கம் சேரியில் பிறந்ததல்ல.

இன்று சேரியில் தயக்கமே இல்லையா? இருக்கிறது. ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மறுநாள் தாய் களையெடுக்கப் போக முடியாது; கூலி போச்சு. காய்ச்சல் வரக்கூடும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாதபோது, 'ஊசிதான் பிள்ளையைக் கெடுத்தது' என்ற பேச்சு தெருவெல்லாம் பரவுகிறது.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு, கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூலாக 2006-ல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததை அது பதிவு செய்தது. வீட்டு வாசலை மிதிக்காதவர் 'இந்த மருந்து நல்லது' என்று தெருமுனையில் நின்று சொன்னால், அதை எந்தத் தாய் நம்புவாள்?

சேவை ஒழுங்காக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களில் நடந்த ஆய்வு சான்று. அதன் முடிவு 2010-ல் வெளியானது. வழக்கமான ஏற்பாடு மட்டுமே இருந்த கிராமங்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் ஊருக்குள்ளேயே முகாம் நடந்த இடங்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் தந்த இடங்களில் 39 சதவீதம். ஒரு கிலோ பருப்புக்காகக் கொள்கையை யாரும் விடமாட்டார்கள். கூலியை விட்டு வருவதற்கு அது ஒரு சிறு ஈடு, அவ்வளவுதான்.

நம் மாநிலத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதையடுத்து கிராமங்களில் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் பஸ் வராத சேரித் தாய்க்கு ஊசி தூரமாகிப்போனது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் சுமார் 81 சதவீதம். 2015-16-ல் சுமார் 70. இந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் 'மக்களின் அறியாமை' என்று எழுதிவிடவும் முடியாது. 2019-21 கணக்கெடுப்பில் அது சுமார் 89 ஆக உயர்ந்தது.

அரியானாவில் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு வழியைக் காட்டுகிறது. 'உங்கள் ஊரில் யார் சொன்னால் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேரும்?' என்று மக்களிடமே கேட்டார்கள். அவர்கள் சொன்ன ஆட்கள் வழியாகத் தடுப்பூசிச் செய்தியை அனுப்பினார்கள்; பலன் கிடைத்தது. நம் தெருவில் அந்த ஆள் பேறுகாலம் பார்த்த பாட்டியாக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், நர்சிங் படிக்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

படிக்கும் பிள்ளைகளே, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. தெருவில் உள்ள குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதில் என்று எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது என்று குறித்து, செவிலியரிடம் கொடுங்கள். காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும், தணியாவிட்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தாய்மாரிடம் முன்பே சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. புதன்கிழமை முகாம் ஊர்த்தெருவில் மட்டும்தானா, நம் தெருவிலும் நடக்குமா? கூலிக்குப் போய் மாலையில் திரும்பும் தாய்க்கு எந்த நேரம் வசதி? சாதியைக் காட்டி மருத்துவச் சேவையை மறுப்பது 1955-ம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

செவிலியர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நம் குழந்தையை மடியில் வாங்கி, நாம் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊசி போடட்டும். அதற்குப் பிறகும் தயக்கம் மிச்சமிருந்தால், அதைப் பற்றிப் பேசலாம்.