கோப்பின் கனம்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையொன்றில், பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிய களிமண் கரைசல் இறுகிப் பொம்மையாகப் பிரிந்து, உலர்ந்து, சூளை புகுந்து மீளும் விசித்திரத்தைக் கைபேசியில் படம் பிடித்துத் தொலைதூரத்து வியாபாரிக்கு அனுப்ப விரும்புகிறவருக்கு முதலில் நேரும் சங்கடம், இலவச எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்போர்ட் செய்து கொடுத்த இரண்டு நிமிஷப் படம் 700 எம்.பி.யைத் தாண்டி நிற்பதுதான். மென்பொருளை மாற்றிப் பார்க்கும்படி நண்பர்கள் உபதேசிப்பார்கள். அது பெரும்பாலும் வீண். ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் ஆகிய மூன்றுமே இந்தக் கடைசிக் காரியத்தை எஃப்எஃப்எம்பெக் என்னும் ஒரே இலவசக் கருவியைக் கொண்டுதான் முடிக்கின்றன.

உண்மையில் வியக்க வேண்டியது கோப்பு இவ்வளவு சிறிதாயிருப்பதைக் குறித்தே. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு ஃபிரேமைச் சுருக்காமல் வைத்தால், புள்ளிக்கு 3 பைட் வீதம் 6.2 எம்.பி. ஆகும், வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு நிமிஷத்துக்கு 9 ஜி.பி.க்கும் அதிகம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், டி. நடராஜனும், கே. ஆர். ராவும் 1974-ல் வெளியிட்ட ஒரு கணித உபாயம், கண்ணுக்கு அவசியமற்ற நுட்பங்களைப் பிரித்துக் கழிக்க வழி செய்தது. 2003-ல் வந்த எச்.264 என்னும் படச்சுருக்க முறையும் அதன் வழிவந்ததே; அத்துடன் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே பெரும்பாலும் அது பதிவு செய்கிறது.

ஆகவே கோப்பின் கனத்தை நிர்ணயிப்பது பிட்ரேட், அதாவது ஒரு வினாடிக்குச் செலவாகும் பிட்டுகளின் தொகை. அதைப் படத்தின் வினாடிகளால் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் கோப்பின் அளவு வந்துவிடும். வினாடிக்கு 50 மெகாபிட் என்ற கணக்கில் இரண்டு நிமிஷம் 750 எம்.பி.; அதையே 2 மெகாபிட்டாகக் குறைத்தால் 30 எம்.பி.தான். பிட்ரேட்டைத் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் குறைத்துவிட்டு, கோப்பு இளைக்கவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

அளவைவிடத் தரமே பிரதானம் என்பவர்களுக்கு, பிட்ரேட்டுக்குப் பதிலாகத் தரத்தை ஓர் எண்ணால் குறிக்கும் சிஆர்எஃப் என்ற வேறொரு முறை உண்டு. எச்.264 முறையில் படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்னும் இலவச என்கோடரில் இதன் வழக்கமான எண் 23. ஏறக்குறைய 6 கூட்டினால் கோப்பு பாதியாகும், எண் குறையக் குறையப் படம் தெளியும். எச்.265 இன்னும் சிக்கனமானதுதான். ஆயினும் வியாபாரியின் பழைய கைபேசி அதைத் திறக்க மறுக்கலாமாகையால், அனுப்புகிற பிரதிக்கு எச்.264 போதும் என்பது என் அபிப்பிராயம். சூளையில் வெந்த பொம்மை மீண்டும் களிமண்ணாகாததுபோல், சுருக்கத்தில் கழிந்த நுட்பமும் திரும்பாது. எனவே ஒவ்வொரு புதுப் பிரதியையும் மூலப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

பட்டறையின் மங்கிய வெளிச்சமும் கவனிக்கத்தக்கது. இருளில் கைபேசி எடுக்கும் படத்தில் ஊர்ந்துகொண்டேயிருக்கும் புள்ளிமூட்டத்தை, படத்தைச் சுருக்கும் என்கோடர் அசைவென்றே எண்ணி, பொம்மையின் முகத்துக்குச் சேர வேண்டிய பிட்டுகளை அதற்குத் தாரைவார்த்துவிடுகிறது. கைபேசியை முக்காலியில் நிறுத்தி, விளக்கொன்றைக் கூடுதலாக ஏற்றிவிட்டால், அதே சிஆர்எஃப் எண்ணிலேயே கோப்பு இளைத்துவிடும்.