பருப்பில் படும் கீறல்: சிப்பைச் செதுக்கும் பிளாஸ்மா, அதையே காயப்படுத்துவது எப்படி?

வரதராஜன்பேட்டையிலிருந்து ஆண்டிமடம் பக்கம் போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். அங்கே கொட்டை உடைக்கும் பெண்களின் கை ஒரு கணக்கை வைத்திருக்கும். ஓடு கெட்டியானது. ஓட்டுக்குள் ஊறியிருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உள்ளே இருக்கும் பருப்போ சட்டென்று பிளந்துவிடும். அடி குறைந்தால் ஓடு விடாது. கூடினால் பருப்பு உடையும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைசலுக்கு வேறு விலை.

சிப் தயாரிப்பவர்களும் அரை நூற்றாண்டாக இதே இக்கட்டில் இருக்கிறார்கள். அவர்கள் நீக்க வேண்டிய 'ஓடு' தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதை நீக்கும் கருவி பிளாஸ்மா. ஓடு போகும்போது பருப்பில் கீறல் விழுகிறது. அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சிப் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, சில சமயம் மாதங்கள் கழித்து, மின்சாரத்தின் நடத்தையில்தான் அது தலைகாட்டும்.

இது எங்கோ தைவானில் நடக்கும் சங்கதி இல்லை. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் விண்வெளிப் பயன்பாட்டுக்கான 'ஐரிஸ்' சிப்பை அறிவித்தன. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் வளர்ந்த 'சக்தி' செயலிதான் அதற்கு அடிப்படை. சிப் உருவானது மொஹாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில். கர்நாடகத்தில் அதற்கு உறை போட்டார்கள், பலகையில் பொருத்தும் வேலை சென்னையில் நடந்தது, ஐ.ஐ.டி.யில் அது இயங்கத் தொடங்கியது. மொஹாலியில் இருப்பது 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். அங்கே செய்யப்படும் ஒவ்வொரு வேஃபரும், அதாவது சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகடும், பல முறை பிளாஸ்மா அறைக்குள் போய்த்தான் வெளியே வருகிறது.

பிளாஸ்மா நமக்குப் புதிதல்ல. வெல்டிங் பட்டறையில் கண் கூசும் அந்த வில்லும், ஐப்பசி இடியோடு வெட்டும் மின்னலும், பழைய டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான். வாயுவுக்குள் போதுமான மின்சாரம் பாய்ந்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோகும். மிச்சமிருக்கும் நேர்மின் அயனிகளும் பிய்ந்த எலக்ட்ரான்களும் கலந்து கிடக்கும் நிலை அது. அதற்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் இர்விங் லாங்மியூர்.

சிப் தொழிலில் அது எதற்கு? ஆரம்ப காலத்தில் வேஃபரில் வேண்டாத இடங்களை அமிலத்தால் கரைத்தார்கள். அமிலத்துக்குத் திசை தெரியாது. கீழே அரிக்கும் அளவுக்குப் பக்கவாட்டிலும் அரிக்கும். கோடுகள் அகலமாக இருந்தவரை அது பொறுத்துக்கொள்ளக்கூடிய சேதம். கோடுகள் மெலிந்தபோது, அமிலம் அந்தக் கோட்டையே தின்றுவிட்டது. பிளாஸ்மாவில் அயனிகள் வேஃபரை நோக்கி நேர்க்கோட்டில் பாய்கின்றன; அதனால் சுவர் செங்குத்தாக நிற்கிறது. 1979இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கோபர்ன், வின்டர்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலிக்கானை அரிக்கும் வாயுவை மட்டும் செலுத்தினால் அரிப்பு மிக மெதுவாக நடந்தது. ஆர்கான் அயனிகளால் மட்டும் அடித்தாலும் மெதுவாகத்தான். இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோது, இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு வேகம். அயனி அடித்துத் தளர்த்துகிறது, வேதிப்பொருள் அள்ளிக்கொண்டு போகிறது. இன்றைய சிப் தொழில் முழுவதும் இந்தக் கூட்டு வேலையின் மேல் நிற்கிறது.

ஆனால் அடி அடிதானே? சிலிக்கானில் இரண்டு அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட். பாய்ந்து வரும் அயனியின் ஆற்றல் பத்துகளிலிருந்து சில நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழம் வரை பிணைப்புகள் அறுகின்றன, அணுக்கள் இடம் பெயர்கின்றன. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்த இடத்தில் இப்போது ஒரு கை மட்டும் காற்றில் தொங்குகிறது. அந்தப் பக்கமாகப் போகும் எலக்ட்ரானை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு, தனக்குத் தோன்றும்போது விடும். இப்படிப்பட்ட இடத்துக்குப் 'பொறி' என்று பெயர். எலிப்பொறி என்று சொல்கிறோமே, அந்தப் பொறி. பொறிகள் பெருகினால் டிரான்சிஸ்டர் திறக்க வேண்டிய மின்னழுத்தம் நகர்ந்துவிடும், மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசியும்.

அயனி தொடாத இடத்தையும் ஒளி தொட்டுவிடும். பிளாஸ்மா ஒளிர்கிறது அல்லவா? ஆர்கான் பிளாஸ்மா வெளியிடும் புற ஊதாக் கதிரில் 11 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ளவை உண்டு. மின்சாரத்தைத் தடுக்கும் சிலிக்கான் ஆக்சைடுப் படலத்துக்குள் எலக்ட்ரானைக் கிளப்பிவிட 9 போதும். கிளம்பிய எலக்ட்ரான் ஓடிவிடுகிறது. அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. விண்வெளிக் கதிர்வீச்சு சிப்புக்குச் செய்யும் கேடும் இதே வகைதான். அதனால்தான் ஐரிஸ் போன்ற சிப்புகளில் இந்த விஷயம் எனக்குக் கூடுதல் முக்கியமாகப் படுகிறது. ராக்கெட்டில் ஏறும் முன்பே காயத்தோடு இருக்கும் சிப், அங்கே போய் அதே இடத்தில் மறுபடி அடி வாங்கும்.

மூன்றாவது காயத்தில்தான் நம் பிள்ளைகளின் வேலை இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

180 நானோமீட்டர் டிரான்சிஸ்டரில் 'கேட்' என்ற முனைக்கு அடியில் இருக்கும் ஆக்சைடுப் படலத்தின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். பத்துப் பதினைந்து அணு அடுக்குகள். ஒரு நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்பதே அது தாங்கும் எல்லைக்குப் பக்கம். இந்தக் கேட்டோடு நீண்ட அலுமினியக் கம்பி ஒன்று இணைந்திருக்கிறது என்று வையுங்கள். கம்பியைச் செதுக்குவதும் பிளாஸ்மாவில்தான். அந்த நேரத்தில் கம்பியின் மறுமுனை இன்னும் எதோடும் சேர்ந்திருக்காது. மேல் அடுக்குகள் வந்த பிறகுதான் சேரும். அதுவரை அந்தக் கம்பி, மொட்டை மாடியில் விரித்த தார்ப்பாய் மழையைச் சேர்ப்பதுபோல, பிளாஸ்மாவின் மின்னூட்டத்தைச் சேர்க்கிறது. சேர்ந்தது வடிய ஒரே ஒரு வழி, அந்த 4 நானோமீட்டர் படலம். மின்னூட்டம் அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் பொறிகளை விட்டுச்செல்கிறது.

குறுகிய பள்ளங்களில் இது இன்னும் மோசம். இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாரல் சுவரில் அடித்து நின்றுவிடும். நேராக விழும் மழைதான் தரைக்கு வரும். எலக்ட்ரான்கள் சாரல்போல எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன, அயனிகள் நேராக விழுகின்றன. பள்ளத்தின் அடியில் நேர்மின்னூட்டம் மட்டும் குவிகிறது.

கம்பி மின்னூட்டத்தைப் பிடிப்பதால் தொழிலில் இதற்கு 'ஆன்டெனா எஃபெக்ட்' என்று பெயர். கேட்டின் பரப்பைப்போல இத்தனை மடங்குக்கு மேல் கம்பியின் பரப்பு இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒரு வரம்பு தருகிறது. வரைபடத்தில் அது மீறப்பட்டால் மென்பொருள் 'ஆன்டெனா வயலேஷன்' என்று சிவப்பாகக் காட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் அன்றாடம் பார்க்கும் வாசகம் அது. தீர்ப்பதற்கு இரண்டு வழிகள் பழக்கத்தில் உண்டு. கேட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியை வெட்டி மேல் அடுக்குக்குத் தாவ விடலாம். அப்போது கீழடுக்கைச் செதுக்கும் நேரத்தில் கேட்டோடு இருப்பது ஒரு துண்டுக் கம்பி மட்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சின்ன டையோடு வைக்கலாம். இடிதாங்கி மின்னலைத் தரைக்கு இறக்குவதுபோல அது மின்னூட்டத்தை அடிச்சிலிக்கானுக்கு இறக்கிவிடும்.

நம் கல்லூரிகளில் இதை ஒரு 'ரூல்' என்று சொல்லிக்கொடுத்துக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். சிவப்பை அழிக்கக் கற்றுக்கொண்ட மாணவருக்கு, அந்தச் சிவப்புக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அணு அடுக்கு தடிமனுள்ள படலம் ஒன்று மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா? அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குப் போகும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அது சொல்லப்பட்டால், விதியை மனப்பாடம் செய்வதோடு நிற்க மாட்டார்கள்.

காணாத காயத்தை எப்படிக் காண்பது? 1974இல் பெல் ஆய்வகத்தில் டி.வி. லாங் ஒரு முறையைக் கண்டார். பொறிகளை எலக்ட்ரான்களால் நிரப்பிவிட்டு, வெப்பநிலையை மெல்ல மாற்றிக்கொண்டே அவை எப்போது விடுகின்றன என்று மின்தேக்கத்தில் கவனிப்பது. ஆழமற்ற பொறி குளிரிலேயே விட்டுவிடும். ஆழமான பொறிக்குச் சூடு வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை பொறி என்ற கணக்கு அதிலிருந்து கிடைக்கிறது.

வைத்தியமும் உண்டு. ஹைட்ரஜன் கலந்த வாயுவில் 400 முதல் 450 டிகிரி செல்சியஸில் வேஃபரைச் சுடுவார்கள். தொங்கும் கையை ஹைட்ரஜன் அணு வந்து பிடித்துக்கொள்ளும், பொறி அடங்கும். ஆனால் எல்லாக் காயமும் ஆறுவதில்லை. சில, தழும்புக்குள் ஒளிந்திருந்து, பல நாள் மின்னழுத்தத்தில் மறுபடி திறந்துகொள்ளும். தொழிற்சாலைச் சோதனையில் தேறிய சிப் பின்னாளில் பழுதாவதற்கு இது ஒரு காரணம்.

ஹைட்ரஜன் எல்லாப் பொருளுக்கும் மருந்தும் இல்லை. நீல எல்.இ.டி.க்கான காலியம் நைட்ரைடில் கலந்த மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்ததே ஹைட்ரஜன்தான். சூடாக்கி அதை வெளியேற்றலாம் என்று 1992இல் ஜப்பானிய ஆய்வாளர் நகமுராவின் குழு காட்டியது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புகளுக்கு வழிவிட்ட படிகளில் அது ஒன்று.

சோலார் செல்லில் ஹைட்ரஜன் மறுபடி மருந்தாகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானில் உள்ள சிப்காட்டில் 4.3 கிகாவாட் அளவிலான டாடா பவர் சோலார் செல், பேனல் ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் தொடங்கிவைத்தார். சிலிக்கான் சோலார் செல்லின் முகத்தில் ஒரு சிலிக்கான் நைட்ரைடுப் படலம் பூசுவார்கள். தடிமன் ஏறத்தாழ 75, 80 நானோமீட்டர். பூசுவது பிளாஸ்மா. சிலேன், அம்மோனியா வாயுக்களை அது உடைக்கும்போது கிடைக்கும் ஹைட்ரஜன் படலத்தில் தங்கி, பிறகு சூடாக்கும்போது சிலிக்கானுக்குள் இறங்கி, தொங்கும் பிணைப்புகளை அடைக்கிறது. அந்தப் பூச்சிலும் அடி குறையக் கவனம் வேண்டும். மின்புலம் நொடிக்குச் சில பத்தாயிரம் முறை மட்டும் திசை மாறினால் அயனிகள் அதைப் பின்தொடர்ந்து ஓடி வந்து மேற்பரப்பைத் தாக்கும். நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறைக்கு மேல் மாறும் 13.56 மெகாஹெர்ட்ஸில் கனமான அயனிகளால் கூடவே ஓட முடியாது. சில கருவிகளில் பிளாஸ்மாவைத் தள்ளியே வைத்துவிட்டு, அதில் உண்டான பொருளை மட்டும் வேஃபருக்கு வரவிடுகிறார்கள்.

வரதராஜன்பேட்டை வீட்டுக் கூரையிலோ தோட்டத்துப் பம்ப்செட்டுக்குப் பக்கத்திலோ சோலார் பேனல் இருந்தால், வெயிலில் சாய்ந்து நின்று பாருங்கள். அதில் தெரியும் நீலம் சிலிக்கானின் நிறமல்ல. பிளாஸ்மா பூசிய அந்தப் படலத்தின் நிறம்.