சாம்பல் எப்படிச் சுவராகிறது?

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 1,500 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியவை. இத்தகைய நிலையங்கள் எரிக்கும் இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாயிலிருந்து சாம்பல் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிவதை எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அதே சாம்பலால் வீடும் கட்டலாம்.

எப்படி? கொதிகலனின் கடும் வெப்பத்தில் நிலக்கரியிலுள்ள களிமண் தாதுக்கள் உருகி, புகையோடு பறந்து, சட்டென்று குளிர்ந்து நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. படிகமாக அமைய நேரம் கிடைக்காததால் அவற்றிலுள்ள சிலிக்கா எளிதில் வினைபுரியும். ஆனால் சாம்பல் மட்டும் தண்ணீரில் இறுகாது; சுண்ணாம்பு வேண்டும். மூன்றும் சேரும்போது கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் உருவாகித் துகள்களைப் பிணைக்கிறது. சிமெண்ட்டுக்கு வலுத் தருவதும் இதே பொருள்தான். ரோமானியர் எரிமலைச் சாம்பலையும், நம் கொத்தனார்கள் செங்கல் பொடியையும் சுண்ணாம்பில் கலந்தது இதனால்தான்.

இப்படிச் சாம்பல் கல் செய்யச் சூளை வேண்டாம், வண்டல் தோண்ட வேண்டாம். அச்சில் அழுத்தி, சில வாரம் ஈரமாக வைத்தால் போதும். முன்கூட்டியே காயவிட்டால் வினை பாதியில் நின்று கல் உதிரும். வாங்குபவர் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

கல்லை அடுக்கும் முறையும் முக்கியம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். கல் சுமார் கால்பங்கு மிச்சமாகும்; உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். எண்ணூர்ப் பக்கத்து வெயிலுக்குச் சாம்பல் கல்லில் இந்தக் கட்டையே பரிந்துரைப்பேன். இதற்குக் கல் ஒரே அளவில், நேரான விளிம்போடு இருக்க வேண்டும். அச்சில் அழுத்திய கல் அப்படித்தான் வருகிறது.