பன்னிரண்டு துண்டுகளில் ஒரு வட்டம்

மரக்கட்டையைக் குடைந்து கிண்ணம் கடைவது பழைய வழி. சிறு துண்டுகளை ஒட்டி வளையமாக்கி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை லேத்தில் ஏற்றிக் கடைவது இன்னொரு வழி. அமெரிக்காவில் ரே ஆலன், மால்கம் டிபெட்ஸ் போன்றவர்கள் இதைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். அவர்களுடைய ஜாடிகளைப் பார்த்து மயங்கும் புதியவர் முதலில் லேத் வாங்கத்தான் யோசிப்பார். கிண்ணத்தின் தலைவிதியோ அதற்கு முன்பே, ரம்பம் வெட்டும் கோணத்தில் முடிவாகிவிடுகிறது.

வட்டத்துக்கு 360 டிகிரி. 12 துண்டுகள் என்றால் ஒன்றுக்கு 30. துண்டின் இரு முனைகளிலும் தலா 15 டிகிரி சரிவு வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள வளையத்துக்குத் துண்டின் வெளிவிளிம்பு 5.36 செ.மீ. விட்டத்தை 15 டிகிரியின் டேன்ஜென்ட் மதிப்பான 0.268-ஆல் பெருக்கினால் இது வந்துவிடும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

இனி பிழையைக் கணக்கிடுவோம். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 0.1 டிகிரி பிசகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத பிசகு. ஆனால் ஒரு வளையத்தில் வெட்டுமுகங்கள் 24. எல்லாம் ஒரே பக்கம் பிசகுவதால் கடைசி மூட்டில் 2.4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். 10 செ.மீ. ஆரத்தில் அது 4 மி.மீ.க்கும் மேல். கவ்வியால் இறுக்கி மூடிவிடலாம். அடக்கிவைத்த அந்த இழுவிசை பிறகு ஏதாவது ஒரு மூட்டைப் பிரித்துவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முழு வளையத்தையும் ஒரே மூச்சில் ஒட்டுவதில்லை. எதிரெதிரே உள்ள இரண்டு மூட்டுகளில் மட்டும் பசை தடவாமல், ஒவ்வொன்றின் நடுவேயும் மெல்லிய குச்சி ஒன்றைச் செருகி, சுற்றிலும் ஹோஸ் கிளிப்பால் இறுக்குகிறார்கள். காய்ந்ததும் ஆறு துண்டுகள் கொண்ட இரண்டு அரைவளையங்கள் கையில் இருக்கும். சமதளப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் ஒவ்வொன்றின் இரு முனைகளையும் சேர்த்துத் தேய்த்தால், அவை ஒரே தளத்துக்கு வந்துவிடும். அதாவது சரியாக 180 டிகிரி. திரண்டிருந்த பிழை முழுவதும் தூளாகப் போய்விடுகிறது. முனைத் துண்டுகள் இரண்டும் மயிரிழை குறுகியிருக்கும், அவ்வளவுதான்.

மரம் காய்ந்த பின்னும் அசையும். காற்றின் ஈரத்துக்கேற்ப இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும்; இழையின் நீளவாக்கில் அந்த அசைவு மிகமிகக் குறைவு. வளையத்தில் இழை சுற்றுவட்டமாகவே ஓடுவதால் அதன் சுற்றளவு அநேகமாக மாறுவதில்லை. துண்டுகளின் முனைகளை இணைக்கும் பசைக்கு வலு குறைவு. ஆகவே செங்கல் சுவரைப் போல, கீழ் வளையத்தின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வளையத்துத் துண்டின் நடு வரும்படி அடுக்க வேண்டும். உண்மையான பலம் வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள பரந்த ஒட்டில்தான் இருக்கிறது.

புதியவர்கள் அதிகம் இடறுவது அடிப்பகுதியில். ஒரே பலகையில் வெட்டிய 15 செ.மீ. வட்டத்தை வளையத்துக்குள் பொருத்தி ஒட்டிவிடுகிறார்கள். மேப்பிள் மரத்தின் ஈரம் 4 சதவீதப் புள்ளி மாறினாலே அந்த வட்டம் குறுக்குவாக்கில் சுமார் 2 மி.மீ. அசையலாம். சுற்றியுள்ள வளையமோ நகராது. ஏதாவது ஒன்று வெடித்தாக வேண்டும். முதல் கிண்ணத்துக்கு அடிவட்டத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்தில் ஏற்றுமுன் பசை ஒரு நாள் முழுவதும் காயட்டும். பன்னிரு முக வளையத்தின் உட்புறத்தை மூலைகள் வரை கடைந்து வட்டமாக்க சுமார் 3 மி.மீ. செலவாகும் என்பதால், சுவரின் கனத்தை அதற்கேற்பக் கூட்டியே வெட்டுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் தூசு முகமூடியும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

மர நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். வால்நட் வெளுக்கும், செர்ரி கறுக்கும், ஊதா நிற பர்ப்பிள்ஹார்ட் பழுப்பாகும். நம் பலாவின் பளிச்சென்ற மஞ்சளும் நாளடைவில் செம்பழுப்பாகிவிடும். அதைத் தேக்குக்குப் பக்கத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. ஈட்டியின் கருமைக்குப் பக்கத்தில் வைத்தால் நிற வேறுபாடு நிலைக்கும்.