பம்ப் பழுதானது, கைதட்டுங்கள்!

மூக்கைப் பொத்திக்கொண்டு வாருங்கள், உள்ளே போகலாம்! அழுகின முட்டை வாடை தூக்குகிறதா? பயப்படாதீர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். ஐஸ்லாந்தில் ஹெங்கில் எரிமலையின் மடியில் இருக்கிறது இந்த ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின் ஆலை. ஆன் பவர் நிறுவனம் நடத்துகிறது. 2006இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று அதன் மின்திறன் 303 மெகாவாட். 2010 முதல் தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு வெந்நீரும் போகிறது. அங்கே குளியலறைக்கு, நீச்சல் குளத்துக்கு, வீட்டைச் சூடாக்க எல்லாவற்றுக்கும் பூமியின் வெந்நீர்தான். வீட்டில் சுற்றிவிட்டு வெளியேறும் நீரைக்கூட விடுவதில்லை. நடைபாதைக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். கஞ்சத்தனத்திலும் ஒரு அழகு!

வெளியே குழாய்களைப் பாருங்கள், ஏன் இப்படிக் கோணல்மாணலாக ஓடுகின்றன? சூட்டில் இரும்பு நீளும். நேராகப் போட்டால் நீள இடமில்லாமல் திணறும்.

சுவாரசியமே இனிமேல்தான். பூமிக்குள்ளிருந்து வரும் நீராவி வெறும் ஆவியாக வருவதில்லை; கரியமில வாயுவையும் அந்த முட்டை வாடையையும் கூட்டி வருகிறது. டர்பைனைச் சுழற்றிய ஆவி குளிர்ந்து நீராகிவிடும், வாயுக்கள் மட்டும் அடங்காமல் மிஞ்சும். அவற்றைப் பிடித்து அழுத்தத்தில் நீரில் கரைக்கிறார்கள். சாட்சாத் கோலி சோடாதான்! ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 25 டன் நீர் வேண்டும். அந்தச் சோடாவை எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால், அதிலுள்ள கரியமில வாயு பாறையின் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. இதுதான் கார்ப்ஃபிக்ஸ்.

2012இல் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு கண்காணிப்புக் கிணற்றின் பம்ப் மக்கர் செய்தது. மேலே இழுத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் கால்சைட் என்ற சுண்ணக் கல்லின் படிவம்! பம்ப் போனதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? இங்கே பட்டிருக்க வேண்டும். வாயு கல்லாகிவிட்டதற்கு அது கையும் களவுமான சாட்சியல்லவா. உள்ளே விட்டதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லானதாக 2016இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. துளையிட்டு எடுத்த பாறைத் துண்டில், கறுப்புப் பாறையின் ஓட்டைகளில் வெள்ளைக் கல் அடைத்துக்கொண்டிருக்கிறது.

ரொம்பத் துள்ளாதீர்கள், திரைக்குப் பின்னால் தழும்புகளும் உண்டு. பயன்படுத்திய நீரைத் திரும்ப நிலத்துக்குள் அனுப்பியபோது, 2011 அக்டோபரில் ரிக்டர் 4 அளவுக்கு நிலம் குலுங்கி, பக்கத்து ஊரான க்வெராகெர்தி மக்கள் கோபப்பட்டார்கள். நீராவியை எடுத்த வேகத்தில் கிணறுகளின் அழுத்தமும் குறைந்துவிட்டது. 2016இல் க்வெராஹ்லித் என்ற பக்கத்துப் புவிவெப்பப் பகுதியிலிருந்து குழாய் இழுத்துச் சமாளித்தார்கள். எந்தப் புவிவெப்ப நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் முதலில் தேட வேண்டியது இந்த அழுத்தக் கணக்கைத்தான். பச்சை இலைப் படங்களையல்ல.

வாயுக் கணக்கும் முழுமையில்லை. 2020களின் தொடக்கத்தில் ஆலையின் கரியமில வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கல்லானது, மிச்சம் வானத்துக்குப் போனது. சில்வர்ஸ்டோன் என்ற திட்டத்தின் இலக்கு 95 சதவீதம். அதை எட்டட்டும், முழு மதிப்பெண் போடலாம். அதுவரை முதல் வகுப்பு மட்டும்!