மீன் ஏந்தும் மரவளைய வலை செய்யும் முறை

கலப்பையும் வண்டிச் சக்கரமும் கிராமத் தச்சர்களுக்கு முன்போல் வேலை கொடுப்பதில்லை என்பது யாவரும் அறிந்த விஷயம். அவர்களுடைய கைத்திறனுக்கு ஏற்ற சிறு பொருள்கள் எவையென்று தேடும்போது, மலைப்பிரதேசங்களை அடுத்து வசிப்போர் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அது, தூண்டிலில் அகப்பட்ட மீனை நீரிலிருந்து ஏந்தி எடுக்கும் மரவளையக் கைவலையாகும். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் இவ்வலையைத் தனித்தனித் தச்சர்கள் தங்கள் பட்டறையிலேயே செய்து விற்கிறார்கள். இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இது எவ்வகைத் தூண்டிலுக்கு உரியது என்பதை முதலில் சொல்லவேண்டும். இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈயைப் போலவோ பூச்சியைப் போலவோ தோன்றச் செய்து, அதனை ஓடும் நீரின்மேல் வீசி மீன் பிடிப்பது ஒரு முறை. டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. நம் நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட் சொந்த மீன் அன்று. 1860களில் பிரான்ஸிஸ் டே என்பவர் அதை அங்கே கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். ஸி. வில்ஸன் என்பவரது முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. வடஅமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட வானவில் டிரவுட் அவ்வோடைகளில் நிலைபெற்றது.

இத்தூண்டிலின் நுனி நரம்பு மிக மெல்லியது. நீருக்குள் இருக்கும்வரை மீனின் எடையை நீரே தாங்குகிறது. ஆதலால் மெல்லிய நரம்பும் அதனை இழுத்துவரப் போதுமானது. மீனை நீருக்கு வெளியே தூக்கிய கணத்தில் அதன் முழு எடையும் துள்ளலும் நரம்பின்மேல் விழுகின்றன. பெரும்பாலான மீன்கள் கரையருகே தப்பிப்போவது இதனாலேதான். கையால் பிடிக்க முயன்றால், மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான பூச்சு உரிந்துபோகும். பிடித்த மீனைத் திரும்ப ஓடையில் விட விரும்புவோருக்கு இது முக்கியமான விஷயம்; பூச்சு உரிந்த மீன் நீந்திச் சென்றாலும் நோய்க்கு எளிதில் இரையாகும்.

இனி வேலைக்கு வருவோம். வளையத்தை ஒரே பலகையில் வளைவாக அறுத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்வது தவறு. வளைவின் இரண்டு பக்கங்களில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடங்களில் பிஸ்கோத்தைப் போல ஒடியும். வளையம் முழுதும் நார் அறுபடாமல் ஓடவேண்டுமானால், மெல்லிய பட்டைகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். ஓலைச்சுவடி ஒன்றை வளைத்துப் பாருங்கள்; ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் சுவடி எளிதில் வளைகிறது, கையை எடுத்தால் நிமிர்கிறது. வளைந்த நிலையிலேயே ஏடுகளை ஒட்டிவிட்டால் அவை வழுக்க இயலாது, வளைவும் மாறாது. இவ்வேலையின் மர்மம் முழுதும் இவ்வளவே.

மேனாட்டார் இதற்கு ஆஷ் என்னும் மரத்தைப் பெரிதும் விரும்புவர். நம் பக்கத்தில் சடச்சியும் முசுக்கட்டையும் நன்கு வளைந்து கொடுக்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உள்ளதால் ஒட்டு எளிதில் பிடிப்பதில்லை. கணுவும் கோணலான நாரும் இல்லாத துண்டாகப் பார்த்து, 4 அடி நீளம், 1 அங்குல அகலம், அரைக்கால் அங்குலக் கனத்தில் 3 பட்டைகள் அறுத்து இழைத்துக்கொள்ளவேண்டும். கைப்பிடிக்கு ஒரு சாண் நீளத்தில் நல்ல நிறமுள்ள துண்டு போதும்; மேஜை நாற்காலி செய்யுமிடங்களில் கழித்துப் போடும் துண்டுகளே இதற்கு உதவும்.

வளையத்தின் உட்புற வடிவை, ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமாக, தடித்த பலகையில் அறுத்து அச்சாக வைத்துக்கொள்க. அச்சின் விளிம்பை ஒட்டி உள்ளே வரிசையாகத் துளைகள் வேண்டும். பட்டைகளைக் கொதிநீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சூடு ஆறுமுன் நடுப்பகுதியை அச்சின் தலைப்பில் வைத்து, இரண்டு புறமும் ஒரே சீராக வளைத்துக் கட்டவேண்டும். இதற்கு இருபது கிளாம்புகள் வேண்டுமென்று சிலர் சொல்வர். அவற்றை வாங்கக் கடன் மனுப் போடவேண்டாம். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து, துளைகளின் வழியே விட்டு இறுக்கிச் சுற்றினால் அதே வேலையைச் செய்யும்.

கட்டிய பட்டைகள் நிழலில் 3 நாளாவது உலரவேண்டும். ஈரமரத்தில் ஒட்டு நில்லாது. பிறகு அவிழ்த்து, அச்சின்மேல் மெழுகுத்தாள் சுற்றி, பட்டைகளுக்கிடையே பசை பூசி, மீண்டும் கட்டவேண்டும். எந்தப் பசை என்பதில் நானே ஒரு பாடம் கற்றேன். நான் முதலில் செய்வித்த வலைக்கு, தச்சர் காய்ச்சும் வச்சிரமே போதும் என்று சொல்லிவிட்டேன். பார்வைக்கு அழகாகவே அமைந்தது. மூன்றாம் முறை நீரில் நனைத்தபோது வச்சிரம் இளகி, பட்டைகள் வாய்பிளந்து, வளையம் என் கையிலேயே நிமிர்ந்துவிட்டது. அந்தத் தச்சருடைய 4 நாள் உழைப்பு வீணாயிற்று, குற்றம் அவருடையதன்று. வச்சிரம் தோலிலிருந்து காய்ச்சப்படுவது. நீர் பட்டால் கரைவது அதன் இயல்பு. இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையையே இதற்குக் கொள்ளவேண்டும். அதிலும் மிக இறுக்கிக் கட்டினால் பசை முழுதும் வெளியே வழிந்து ஒட்டு பலவீனப்படும். பட்டைகளுக்கிடையே சந்து தெரியாத அளவு இறுக்கினால் போதும்.

பட்டைகளின் இரண்டு கால்களும் வந்து கூடுமிடத்தில் கைப்பிடித் துண்டை ஆப்புப்போலச் சீவி நடுவில் பொருத்தி ஒட்டவேண்டும். இப்பொருத்தம் வலையின் உயிர்நிலை. இங்கே அவசரப்படலாகாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, சந்து மறையும்வரை சீவுக. ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, அகலம் முக்கால் அங்குலமாகும்படி இழைத்து, முனைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும்.

வளையத்தின் வெளிப்புறத்தில் சுற்றிலும் ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்து, அதில் அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இடுக. வலைப்பையைக் கட்டும் கயிறு அப்பள்ளத்துக்குள் அடங்கிக் கிடக்கும். பள்ளம் இல்லாவிட்டால், கற்களில் உராய்ந்து கயிறு விரைவில் அறும். துளையிட்ட பின்னரே வார்னிஷ் பூசவேண்டும்; துளைகளின் உட்புறத்துக்கும் மெல்லிய குச்சியால் பூசவேண்டும், நீர் நுழைவது அவ்வழியேதான். படகுக்குப் பூசும் வார்னிஷ் 4 பூச்சு தேவை. ஒவ்வொன்றும் உலர்ந்தபின் லேசாகத் தேய்த்து அடுத்ததைப் பூசுக.

பை முடிச்சில்லாத மெல்லிய வலையாக, கண் சிறியதாக இருத்தல் நலம். முடிச்சுள்ள முரட்டு நைலான் செதிலை உரிக்கும். கண் பெரிதானால் துடுப்பு அதில் மாட்டிக் கிழியும். ரப்பர்ப் பை சற்றுக் கனமானாலும் மீனுக்கு மிகவும் இதமானது. பருத்தி நூலானால் ஒவ்வொரு முறையும் உலர்த்தியே வைக்கவேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். பையின் ஆழம் ஒரு முழத்துக்கு மேற்படவேண்டாம்.

உபயோகிக்கும்போது வலையை மீனைநோக்கி வீசலாகாது. மீன் மிரண்டு ஓடி நரம்பை அறுத்துக்கொள்ளும். வலையை முன்னதாகவே நீருக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டு, களைத்த மீனை அதன் தலை முன்னாக வலையின்மேல் இழுத்துவந்து, பிறகு மெதுவாக உயர்த்தவேண்டும். மீனை விடுவதானால் வலையை நீருக்கு வெளியே எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. பைக்குள் நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடலாம்.